மாமா, நீங்க முதல்ல

உப்பல் என்றால் ஐதராபாத்துக்காரர்களுக்குக் கிரிக்கெட் மைதானம். 2024 மார்ச்சில் சன்ரைசர்ஸ் 277 ரன் குவித்து மும்பையைத் துவைத்துக் காயப்போட்டது இங்கேதான். மைதானத்தை விட்டால் மெட்ரோ ஸ்டேஷன், வரங்கல் சாலைப் புழுதி, திரும்பின பக்கமெல்லாம் மந்தி ஹோட்டல். ஒரே தாம்பாளத்தைச் சுற்றி நாலு பேர் தரையில் உட்கார்ந்து ஆட்டுக்கறியும் சோறுமாக அள்ளுகிற அந்தக் கடைகளுக்கு நடுவில் ஒரு மாடிப்படி. ஏறினால் கொரியச் சாப்பாடு. எல்லாம் நெட்ஃபிளிக்ஸ் செய்கிற வேலை.

என்னை ஏற்றியவள் அக்கா மகள். கூடவே அவள் ஆபீஸ் தோழிகள் இரண்டு பேர். ஒருத்திக்குச் சொந்த ஊர் குண்டூர். இன்னொருத்தி சனிக்கிழமை அசைவம் தொடமாட்டாள். அன்று சனிக்கிழமை.

“ரொம்பக் காரமா இருக்குமாம்மா?” என்று கேட்டுத் தொலைத்தேன். குண்டூர்க்காரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். ஆர்டர் எடுக்க வந்த பையன் இம்பால்காரன், உமோரோக் மிளகாய் தின்று வளர்ந்தவன். அவன் எங்கள் இருவரையுமே பரிதாபமாகப் பார்த்தான். 2024 ஜூனில் டென்மார்க் அரசாங்கம், காரம் உடம்புக்கு ஆபத்து என்று சொல்லி மூன்று வகைக் கொரிய நூடுல்ஸைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. அந்தச் செய்தி குண்டூரில் நகைச்சுவைப் பகுதியில் வந்திருக்க வேண்டும். இத்தனைக்கும் மிளகாய் கொரியர்களுக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை. இரண்டு பேருக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. இரவல் சரக்கில்தான் இவ்வளவு ரோஷம்.

கொரியா விஷயத்திலும் அந்தப் பையன்தான் எங்களுக்கு சீனியர். 2000-ல் மணிப்பூரில் ஒரு தீவிரவாத அமைப்பு இந்திப் படங்களுக்குத் தடை போட்டது. காலியான இடத்தில் அரிராங் என்ற கொரிய சானல் வந்து உட்கார்ந்துகொண்டது. நம் பிள்ளைகள் நேற்றைக்குக் கண்டுபிடித்த நாடகங்களை அவன் அக்காமார்கள் அழுது முடித்தே வெகுகாலம் ஆகிறது.

சனிக்கிழமைப் பெண் விசாரணையை ஆரம்பித்தாள். கிம்ச்சி வெஜ்தானே?

“வெஜ்தான் மேடம். முட்டைக்கோஸ். கொஞ்சம் இறால் மட்டும் போட்டு ஊறவைப்போம்.”

சூப்? காய்கறிதான், ஆனால் தண்ணீர் நெத்திலி வேகவைத்த தண்ணீர். சோற்றைச் சுற்றித் தருகிறார்களே, அந்தக் கறுப்புத் தாள்? கடல்பாசி. கடலிலிருந்து வந்தது சனிக்கிழமைக்கு ஆகுமா என்று விஜயவாடாவில் இருக்கும் பாட்டிக்குப் போன் போட்டாள். பாட்டி கடைசிவரை எடுக்கவில்லை. வெறும் சோறு, முளைகட்டிய பயறு, தொட்டுக்கொள்ள முள்ளங்கி என்று அவள் ஆர்டர் முடிந்தது. மடத்தில் விரதம் இருந்திருந்தால் செலவாவது மிச்சம்.

நான் மெனு அட்டையின் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். முதல் பக்கத்தில் இருப்பதெல்லாம் ரீல்ஸில் வருகிற அயிட்டங்கள். சிவப்புச் சாற்றில் கிடக்கும் அரிசிமாவு உருளைகள், சீஸ் சொட்டும் கோழி. கொரிய வீடுகளில் அன்றாடம் கொதிக்கிற சமாச்சாரத்தைக் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்: தோயென்ஜாங் ஜிகே, சோயா விழுதில் வைக்கிற குழம்பு. அந்த விழுதுக்குச் சோயாவை வேகவைத்து இடித்து, செங்கல் செங்கலாகப் பிடித்து, வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டுப் பூஞ்சை பிடிக்க விடுவார்கள். பிறகு உப்புத் தண்ணீரில் மாதக்கணக்காக ஊறப்போடுவார்கள். இந்தக் கைப்பக்குவத்தை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஊர் கூடிக் கிம்ச்சி போடுகிற வழக்கத்தை 2013-லேயே சேர்த்தாயிற்று. ஆவக்காயும் மாவடுவும் போடுகிற நம் பெரியம்மாக்களுக்கு மனுப்போடத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சட்டி மேஜைக்கு வந்த பிறகும் கொதித்துக்கொண்டிருந்தது. கூடவே வாசனை. பக்கத்து மேஜைக்காரர் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். எனக்கோ வயிறு கூப்பாடு போட்டது. மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் சோறு. அரிசியை மிச்சம் பிடிக்க 1976-ல் சியோல் நகர நிர்வாகம் ஹோட்டல் கிண்ணத்துக்கே அளவு வகுத்தது: குறுக்கே 10.5 சென்டிமீட்டர், உயரம் 6. உப்பல் கிண்ணம் அதைவிடச் சிறிதாகத் தெரிந்தது. என் பசியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் சரியாக இருக்கலாம்.

பிள்ளைகள் யாரும் சாப்பிடத் தொடங்கவில்லை. நானும் தொடங்கவில்லை. சின்னப் பிள்ளைகளைப் பசியோடு உட்காரவைத்துவிட்டுப் பெரியவன் முதலில் வாயில் போட்டுக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

“சாப்பிடுங்கம்மா.”

“நீங்க முதல்ல, அங்கிள்.”

“அதெல்லாம் வேண்டாம், ஆரம்பிங்க.”

அக்கா மகள் பல்லைக் கடித்தாள். “மாமா, கொரியாவுல பெரியவங்க ஸ்பூன் எடுத்தப்புறம்தான் மத்தவங்க எடுக்கணும். நீங்க எடுங்க.”

சட்டி அடங்கி, மேலே ஆடை கட்ட ஆரம்பித்துவிட்டது. இம்பால் பையன் வந்து, சாப்பாட்டில் ஏதாவது குறையா என்று கவலையோடு விசாரித்தான். இரண்டு தேசத்து மரியாதையும் முட்டிக்கொண்டு நின்றதில் நாலு பேரும் பட்டினி. கடைசியில் நான் ஸ்பூனைக் கையில் எடுத்தேன். வாய்க்குக் கொண்டு போவதற்குள் எதிரே பாதித் தட்டு காலி.

சாறு அருமை. உப்பும் புளித்த ருசியும் நாக்கின் அடிவரை இறங்கின. அந்தச் சோறுதான் மனிதனைப் படுத்துகிறது. பருக்கைகள் ஒன்றையொன்று விடாமல் கட்டிப்பிடித்துக்கொள்வதால் பிசைய வழியில்லை. இரும்புக் குச்சிகளில் பிடித்த தோஃபு மூன்று துண்டாகி மூன்று திசையில் போயிற்று. ஸ்பூனுக்கு மாறினேன். கொரியர்களும் சோற்றை ஸ்பூனால்தான் சாப்பிடுகிறார்கள் என்று பிறகுதான் அக்கா மகள் சொன்னாள். முன்பே சொல்லியிருந்தால் அவர்களுக்கு வேடிக்கை ஏது?

பில் வந்தது. மேஜையில் திடீர் அமைதி. கொரியாவில் கூட்டத்தில் மூத்தவர்தான் பணம் கட்டுவாராம். இதை மட்டும் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.