கையேந்தும் இங்கிலீஷ்

இங்கிலீஷில் கெத்தாகத் திரியும் சொல் எதையாவது சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஒரு லத்தீன்காரர் கையேந்திக்கொண்டு நிற்பார்.

பெட்டிஷனையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பெரியப்பா திங்கள்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸ் போய்த் தெருவிளக்குக்காக மனு கொடுப்பவர். "கேக்கப் போறீங்களா பெரியப்பா?" என்றால் கோபம் வந்துவிடும். "கேக்கறதென்னடா கேக்கறது, பெட்டிஷன் போடப் போறேன்!" லத்தீனில் 'பெட்டெரே' என்றால் நாடுவது, கேட்பது. அப்பிடைட்டும் அதன் பிள்ளைதான். வயிறு போடுகிற பெட்டிஷன். காம்பெடிஷனும் அந்த வம்சமே: ஒரே பொருளைப் பல பேர் சேர்ந்து கேட்பது.

கேட்கிற கலையைக் கரைத்துக் குடித்தவர்கள் பழைய ரோம் அரசியல்வாதிகள். பதவிக்கு நிற்பவர் சுண்ணம் தேய்த்து வெளுத்த டோகாவைப் போர்த்திக்கொண்டு ஊரைச் சுற்றுவார். எதிரே வருகிறவர் பெயரை ஓர் அடிமை காதில் ஓதுவான். இவர் உடனே பெயர் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வார், போன மாதம் காதுகுத்தில் பார்த்த உறவு மாதிரி. அந்த வெள்ளை டோகாவுக்கு 'டோகா காண்டிடா' என்று பெயர். கேண்டிடேட் வந்தது அதிலிருந்து. ஓட்டுக்காகச் சுற்றிச் சுற்றி வந்ததற்குப் பெயர் 'அம்பிஷியோ'. இன்று ஆண்டுவிழா மேடையில் குழந்தையை நிறுத்தி, "உன் அம்பிஷன் என்னம்மா?" என்கிறோம்.

கி.மு. 64இல் சிசெரோ கான்சல் பதவிக்கு நின்றபோது அவர் தம்பி எழுதியதாகச் சொல்லப்படும் கையேடு ஒன்று உண்டு. முடியாது என்று முகத்துக்கு நேரே மறுப்பதைவிட, சரி என்று சொல்லிவைப்பதே மேல் என்கிறது. நம்மூர் வட்டச் செயலாளர்கள் யாரும் இதைப் படித்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை.

'ரொகாரே' என்றாலும் கேட்பதுதான். சட்டம் கொண்டுவருகிறவர் மக்களைக் கேட்டாக வேண்டும். ஓட்டுப் போடும் குழுக்களில், சீட்டுக் குலுக்கி முதலில் கேட்கப்படும் குழுவுக்கு 'ப்ரைரொகாடிவா'. அதன் பேரன்தான் ப்ரரொகேட்டிவ். இன்று அதை எந்த அதிகாரியாவது சொன்னால் என்ன பொருள்? என்னை ஒருத்தரும் கேட்க முடியாது!

என் மனசுக்கு நெருக்கமான சொல் ப்ரிகேரியஸ். கெஞ்சி வாங்கிய நிலத்தை ரோமானியச் சட்டம் 'ப்ரெகாரியம்' என்றது. கொடுத்தவர் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு வாடகை கிடையாது. நாங்கள் மாதம் 5ஆம் தேதி தவறாமல் வாடகையும் கொடுக்கிறோம். எண்ணி முடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் ஹவுஸ் ஓனர் ஆரம்பிப்பார்: "பையன் பெங்களூர்லேர்ந்து வந்தாலும் வருவான் சார்."