லேசாப் பூசினாப் போதும்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு வாங்கிக் குடியேற ஆசைப்படுபவரிடம் தரகர் முதலில் சொல்வது: “லேசாப் பூசினாப் போதும், அண்ணே.” பூசுவதற்குச் சுவர் இருக்க வேண்டுமே! முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து கண்ணாடியாய் இழைத்த சுவரில் அரசமரம் வேர்விட்டு, அதுவும் ஒரு பங்காளியாகிவிட்டது. மற்ற பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் பத்திரம். ஊரில் இருப்பது அரசமரம் ஒன்றுதான். தரையில் ஆத்தங்குடிக் கல் மட்டும் மிச்சம், அதுவும் பெயர்த்தால் உடைந்துவிடும் என்பதால். பர்மா தேக்குத் தூண்கள், நிலைக்கதவு எல்லாம் எப்போதோ பழம்பொருள் கடைக்குப் போயிருக்கும். வாங்கியவர் அங்கே போய்த் தன் வாசற்கதவுக்கே விலை விசாரிக்கலாம். கடைக்காரர் தடவிக்காட்டிச் சொல்வார்: “செட்டிநாட்டு வீட்டுக் கதவு சார், ஒரிஜினல். இப்பல்லாம் கிடைக்கிறதே இல்ல.”