மேல்கணக்கு இறக்கம்

2022-இல் பெட்ரோல் வரிசையில் ஒரு பகலும் ஓர் இரவும் நின்று, என் முறை வரும்போது 'பெட்ரோல் இல்லை' பலகையைப் பார்த்த அன்றுதான் சைக்கிள் வாங்க முடிவெடுத்தேன். நாட்டில் பாதிப்பேர் எனக்கு முன்பே அதை முடிவெடுத்திருந்ததால் சாதா சைக்கிளுக்கே யானை விலை. கொழும்பிலிருந்து செகண்ட் ஹேண்டில் ஒன்று அகப்பட்டது. ஒயில் பிரேக்.

நாங்கள் இருப்பது யட்டியந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் ரோட்டில், மழை நாளில் ரிம்மைப் பிடிக்கிற கட்டை பிரேக் வெறும் மனஆறுதல். இதுவோ ஒரு விரல் அழுத்தினால் போதும். குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் அந்த அழுத்தத்தைக் கீழே கொண்டுபோய், இரண்டு பக்கமும் பேடைத் தள்ளி டிஸ்க்கைக் கவ்வவைக்கும்.

நனைந்தால் கத்தும், அது ஒன்றுதான் குறை. சப்ரகமுவையில் நனையாத நாளுக்கு நான் எங்கே போவேன்? அந்தக் காலத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்குத் தப்படித்து எழுப்புவார்களாம். என் காலத்தில் என் பிரேக். கடைசி லயத்துப் பெரியம்மா அதைக் கேட்டுத்தான் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைப்பார். நான் போய்ச் சேரவும் கொதிக்கவும் சரியாக இருக்கும்.

கதவு கத்தினால் எண்ணெய் விடுகிறோம், தையல் மெஷின் கத்தினாலும் எண்ணெய்தான். டிஸ்க்குக்கும் விட்டேன். சத்தம் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. ஒட்டுப்பால் மூட்டை அடுக்கியிருந்ததால் இன்று இதை எழுதுகிறேன்.

எண்ணெய் குடித்த பேடை உரைத்தாளில் தேய்த்தேன், அடுப்பில் வாட்டினேன், பலனில்லை. புதுசு போட்டேன். டிஸ்க்கைத் துடைக்க பார்மசி ஸ்பிரிட் தேடியபோது, பக்கத்து லயத்து மாமா கசிப்பு இருப்பதாகச் சொன்னார். எண்ணெய் போகுமா தெரியாது, அவர் துடைக்க வந்திருந்தால் பாதி போத்தல் போயிருக்கும்.

அதோடு விட்டிருக்கலாம். பஞ்சர் ஒட்டச் சில்லைக் கழற்றி, தோட்ட வழக்கப்படி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். மேலே இருக்கும் எண்ணெய்ப் பாத்திரத்தில் ஒதுங்கிக் கிடந்த காற்று குழாய்க்குள் புகுந்து, லீவர் பஞ்சுபோல ஆகிவிட்டது. போதாக்குறைக்கு நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், "சேர், இது என்னா?" என்று பிரேக்கை அமுக்கிப் பார்த்தான். நடுவில் டிஸ்க் இல்லாததால் பேட் இரண்டும் முத்தமிட்டுக்கொண்டன. அவற்றைப் பிரிக்கப் பிளாஸ்டிக் நெம்புகோலும் அரை நாளும் தேவைப்பட்டன.

காற்றை எடுக்க ஊசிக்குழாயில் எண்ணெய் நிரப்பிக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். குமிழி தானாக மேலே போய்விடும். அதைச் சரியாகவே செய்தேன். ஊற்றியதுதான் வேறு. ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஒயில். என் கையில் கிடைத்தது காருக்கு ஊற்றும் டொட் 4. பிரேக் ஒயில் என்றால் பிரேக் ஒயில்தானே?

சில நாளில் உள்ளே இருந்த ரப்பர் சீல் ஊதிவிட்டது. பிரேக்கை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதே அந்த வளையம்தான். பிடித்தது விடவில்லை. மேல்கணக்கு இறக்கத்தை மிதித்துக்கொண்டே இறங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

முப்பது வருசம் பால் வெட்டிய அப்பா அந்த வளையத்தை இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார். "ரப்பர் சீட்டுல மண்ணெண்ணெ பட்டாலே பொதுபொதுன்னு ஊதுமே. தோட்டத்துல பொறந்த புள்ளதான நீ?"

"அப்பா, இது மரத்துப் பால் இல்ல, கம்பனி ரப்பர். இதுக்கு எண்ணெ ஆகும், கார் ஒயில்தான் ஆகாது."

"தெரிஞ்சுக்கிட்டேவா ஊத்தின?"

லீவரும் கலிப்பரும் புதிதாக வாங்கினேன். அந்த மாதச் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டாம். இப்போது மழையிலும் சத்தமில்லை, விரல் பட்டால் நிற்கிறது. முதல் நாள் பெருமையோடு இறங்கிப் பெரியம்மா வாசலில் நிறுத்தினேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

"வந்ததே தெரியலியே, சேர்" என்றவர், பிரேக்கைச் சந்தேகமாகப் பார்த்தார். "பழச திருப்பி மாட்ட முடியாதா?"