பெல்ட் இறங்கிய கதை

? பத்து வருஷமாக என் பேன்ட் சைஸ் 34தான். ஆனாலும் தொப்பை என்று கேலி செய்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி? (திண்டுக்கல்)

! இரண்டு பேருமே. பேன்ட் அதேதான், அது நிற்கிற இடம்தான் இறங்கிவிட்டது. தொப்புளருகே இருந்த பெல்ட், இப்போது தொப்பைக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். தையல்காரர் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே வைத்து, மூச்சைச் சாதாரணமாக விட்டபின் அளந்து பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது. அதெல்லாம் பெண் பார்க்கப் போனபோது காட்டிய வித்தை. நம்மவர்களுக்கு எல்லைக்கோடு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80.

? டாக்டர் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்கிறார். புது வியாதியா? (காரைக்குடி)

! வியாதி அல்ல, கூட்டணி. உறுப்பினர்கள் ஐந்து பேர்: எல்லை தாண்டிய இடுப்பு, 150 அல்லது அதற்கு மேல் டிரைகிளிசரைடு, ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50க்குக் கீழே போன நல்ல கொலஸ்ட்ரால், 130/85ஐத் தொட்ட பிபி, வெறும் வயிற்றில் 100ஐத் தொட்ட சர்க்கரை. மூன்று பேர் சேர்ந்தால் ஆட்சி அமைத்துவிடுவார்கள். தனித்தனியே கேட்டால் ஒவ்வொருவரும் 'நான் பார்டர்தான்' என்று அப்பாவியாகச் சொல்வார்கள். இவர்கள் ஒரே வீட்டுக்குச் சேர்ந்து வருவது தற்செயல் அல்ல, இன்சுலின் பேச்சை உடம்பு கேட்காததுதான் அடிவேர் என்று 1988ல் விளக்கினார் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன்.

? கொழுப்பு எங்கே இருந்தால் என்ன? (பட்டுக்கோட்டை)

! தொடைக் கொழுப்பு ஃபிக்சட் டெபாசிட். பெரும்பாலும் சும்மா கிடக்கும். குடலைச் சுற்றிய கொழுப்பு கரன்ட் அக்கவுன்ட்; நாள்பூரா வரவு செலவு. அங்கிருந்து கிளம்பும் கொழுப்பமிலம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. கொழுத்த கல்லீரல் 'போதும், சர்க்கரையை நிறுத்து' என்று இன்சுலின் சொன்னாலும் கேட்காது. கணையம் இன்னும் இன்சுலினைக் கொட்டும். ஒருநாள் அதுவும் களைத்துவிடும்.

? 'இது தொப்பை இல்லை, செல்வாக்கு' என்கிறாரே என் கணவர்? (விருதுநகர்)

! உண்மைதான். மெடிக்கல் ஷாப்பில் நல்ல செல்வாக்கு.

? நான் ஒல்லி. பிஎம்ஐ 22தான். தப்பித்தேனா? (நாகர்கோவில்)

! புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேர்ந்து நிற்கும் போட்டோ 2004ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்பில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் அந்தக் கணக்குக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. இந்தியர்களுக்கு 23லேயே மணி அடிப்பது அதனால்தான். நீங்களும் டேப்பை எடுங்கள்.

? மகளுக்குப் பின்கழுத்தில் கருப்பு. கடலைமாவு தேய்த்தும் போகவில்லை. (சேலம்)

! பாவம், தேய்க்காதீர்கள். வெல்வெட் மாதிரி தடித்த கருப்பு என்றால் அழுக்கல்ல. உடம்பில் இன்சுலின் மிகுந்துவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். அக்குளிலும் இருக்கிறதா பாருங்கள். சோப்பை மாற்றுவதை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டி, சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

? பிரியாணியை விட்டேன், எண்ணெயைக் குறைத்தேன். தொப்பை அசையவில்லையே? (ஆம்பூர்)

! ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணியை விட்டது தியாகம்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பத்து ஸ்பூன் சர்க்கரை. போதாதென்று மதியம் குவித்த சோறு, ராத்திரி எட்டு இட்லி. மிச்சமாகும் மாவுச்சத்தைக் கொழுப்பாக்கும் வேலையைக் கல்லீரல் எண்ணெய் இல்லாமலே செய்யும்.

? எடை குறைக்க ஊசி வந்திருக்கிறதாமே? (மதுரை)

! வந்திருக்கிறது, வேலையும் செய்கிறது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வருகிறது. டாக்டர் சொல்லிப் போட்டால் மருந்து. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிப் போட்டால் விபரீதம்.

? மூன்று மாதமாக நடக்கிறேன். எடை மெஷின் முள் அப்படியே நிற்கிறது. விட்டுவிடலாமா? (கும்பகோணம்)

! விடாதீர்கள். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்களை நடக்கவைத்து, சாப்பாட்டைத் திருத்திப் பார்த்தது. 2006ல் வந்த முடிவு: நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை குறையவே இல்லை! முள் கிடக்கட்டும், நடங்கள். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வரும். இந்த முறை உள்பக்கமாக.