மந்தினுக்கு மலிவு வந்த கதை

"விலை விழுந்திடுச்சாம்" என்று தோட்டத்தில் யாராவது சொல்லி, நம் தாத்தாமார் கைதட்டிச் சிரித்ததாக வரலாறு கிடையாது. ஏனென்றால் விழுந்தது எப்போதும் அவர்கள் வெட்டிய பாலின் விலை.

1910இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங் 9 பென்ஸுக்குப் போனது. இங்கே நெகிரி செம்பிலானில் மந்தின் மலைச்சரிவில் நின்றதெல்லாம் மரமல்ல, பணம். துரைமார் விஸ்கியை மாற்றினார்கள். பால் வெட்டியவருக்கு அந்த வருடம் கிடைத்தது மறுநாள் விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு. பிறகு விலை சரிந்தது. 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பாலைக் குறைத்து வெட்டினால் விலை ஏறும் என்பது கணக்கு. பக்கத்து டச்சுக்காரன் இந்தோனேசியாவில் அதைப் பார்த்து மகிழ்ந்து, கூடுதலாக வெட்டி விற்றான். 1928இல் திட்டத்தைச் சுருட்டி வைத்தார்கள். 1932 வாக்கில் ராத்தல் இரண்டு பென்ஸைத் தொட்டுக்கொண்டிருந்தது. 50 காசு நாள்கூலி 40 ஆனது, அதற்கும் கீழே போனது. அதன்பிறகு துரைக்கு ஒரு யோசனை வந்தது: கூலியை எதற்குக் குறைப்பானேன், கூலிக்காரரையே குறைத்துவிடலாமே! ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். டிக்கெட் இலவசம். மலாயாவில் தமிழனுக்குக் கிடைத்த முதல் மானியம் அதுதான்.

அதே காலத்தில் அமெரிக்காவில் டயர் மலிவு. விலை வீழ்ச்சியில் நுகர்வோர் யார் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. டெட்ராய்ட்டில் டயர் வாங்கியவர் நுகர்வோர், மந்தினில் பால் வெட்டியவர் செலவு.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் தோட்டங்களைப் பிடித்துக்கொண்டதும், அமெரிக்கா பெட்ரோலியத்திலிருந்தே ரப்பரைக் காய்ச்சி எடுக்கக் கற்றுக்கொண்டது. அன்றிலிருந்து நமக்குப் புதுத் தலைவலி. மண்ணிலிருந்து எடுத்த எண்ணெய் மலிந்தால் செயற்கை ரப்பர் மலியும். செயற்கை மலிந்தால் மரத்துப் பாலை யார் சீண்டுவார்? சவூதியில் குழாயைத் திறந்தால் இங்கே தோட்டத்தில் அடுப்பு மங்கும் ஏற்பாடு இப்படித்தான் வந்தது.

1985இல் அந்தக் குழாயைத் திறந்தார் சவூதியின் எண்ணெய் அமைச்சர் ஷேக் யமானி. விலையைத் தாங்கிப் பிடிக்க நாங்கள் மட்டும் உற்பத்தியைக் குறைப்போம், நீங்களெல்லாம் விற்றுத் தின்பீர்களா என்று அவருக்குக் கோபம். பீப்பாய் 30 டாலரிலிருந்து சில மாதங்களில் 10 டாலர் பக்கம் வந்து நின்றது. 1986 அக்டோபரில் யமானியின் பதவியையே மன்னர் பறித்தார். மலிவு தந்தவருக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். நமக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1985 அக்டோபரில் லண்டனில் ஈய வர்த்தகம் நின்றுபோனது, ஈயச் சுரங்கங்கள் படுத்தன, செம்பனை விழுந்தது, நாட்டின் பொருளாதாரமே சுருங்கியது. எல்லாமே மலிவு, வாங்கத்தான் கையில் வெள்ளி இல்லை.

ஆனால் கதையின் உச்சகட்டம் 2008தான். மார்ச் 8 பொதுத்தேர்தல் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 4 பின்னேரம் பிரதமர் அப்துல்லா படாவி அறிவிக்கிறார்: நள்ளிரவு முதல் பெட்ரோல் 1.92 வெள்ளியிலிருந்து 2.70. ஒரே ராத்திரியில் 78 காசு! நாடே வண்டியை எடுத்துக்கொண்டு எண்ணெய்க் கடைக்கு ஓடியது. காருக்குப் பின்னால் கார், அதற்குப் பின்னால் கப்சாய் மோட்டார் சைக்கிள். நாலு லிட்டர் டேங்கை நிரப்ப ஒரு மணி நேரம் வரிசையில், அதுவும் இன்ஜினை அணைக்காமல், நின்ற சிங்கங்கள் உண்டு. கணக்குப் போட்டால் மிச்சம் 3 வெள்ளி 12 காசு. அதில் பாதியை நின்ற இடத்திலேயே எரித்திருப்பார்கள். ஆனாலும் மறுநாள் காலை ஒட்டுக்கடையில் அந்த மனிதர் உட்கார்ந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே, அரசாங்கத்தையே ஏமாற்றிவிட்டு வந்தவர் மாதிரி.

ஆறுதலுக்கு அரசு ஒரு பரிசும் வைத்திருந்தது. 2000 சிசி வரையுள்ள காருக்கு வருடம் 625 வெள்ளி, 250 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு 150 வெள்ளி, அஞ்சலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஓடாத மோட்டாருக்குச் சாலைவரி கட்ட மறந்தவர்களெல்லாம் அந்த மாதம்தான் ஞாபகம் வந்து துடைத்து நிறுத்தினார்கள்.

ஜூலையில் பீப்பாய் 147 டாலர். அதோடு உலகச் சந்தைக்கு மூச்சு வாங்கியது. அமெரிக்காவில் வங்கிகள் கவிழ, ஆலைகள் நிற்க, எண்ணெய் வாங்க ஆளில்லை. இங்கேயும் விலை இறங்கியாக வேண்டும். முதல் இறக்கம் வந்த நாள் ஆகஸ்ட் 23. பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தல் ஆகஸ்ட் 26. தற்செயல்தான், வேறென்ன! 15 காசு குறைத்தார்கள். எதிர்த்து நின்ற அன்வார் இப்ராஹிம் 15,671 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரு காசுக்கு ஆயிரம் ஓட்டுக்கு மேல் போனது. அப்படி ஒரு மோசமான வியாபாரத்தை எந்தச் செட்டியாரும் செய்ததில்லை. பிறகு குறைப்பு பழகிவிட்டது. 2.45, 2.30, 2.15, 2.00, 1.90 என்று படியிறங்கி டிசம்பர் 16இல் 1.80க்கு வந்தது. ஏற்றத்துக்கு ஓர் இரவு, இறக்கத்துக்கு ஏறக்குறைய நாலு மாதம்.

பெட்ரோல் இறங்கியது சரி, தே தாரிக்? ஜூனில் "எண்ணெய் ஏறிடுச்சுண்ணே" என்று சொல்லிக் காசு கூட்டிய கடைக்காரரிடம் டிசம்பரில் போய், "எண்ணெய் இறங்கிடுச்சே" என்று கேட்டுப் பாருங்கள். "தே தாரிக்கை எண்ணெய்லயா ஆத்துறோம்?" என்பார். விலை ஏறும்போது மோட்டார் சைக்கிளில் வரும். இறங்கும்போது மாட்டு வண்டியில் கிளம்பி, பாதி வழியில் மாட்டை அவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

அதே வருடம் மந்தின் சுற்றுவட்டாரத்தில் செம்பனை வைத்திருந்தவர்கள் இன்னொரு கூத்தைப் பார்த்தார்கள். மார்ச்சில் கச்சாப் பனை எண்ணெய் டன் 4,000 வெள்ளியைத் தாண்டி ஓடியது. அக்டோபரில் 1,500க்கும் கீழே. செம்பனையிலிருந்து டீசல் செய்யலாம் என்று கண்டுபிடித்த நாள் முதல், மண்ணிலிருந்து எடுத்த எண்ணெய் விழுந்தால் மரத்து எண்ணெயும் கூடவே விழத் தொடங்கிவிட்டது. கப்சாய் டேங்கில் ஒரு வெள்ளி மிச்சம், குலை விற்ற சீட்டில் நூறு வெள்ளி நட்டம். இதைத்தான் பொருளாதார நிபுணர்கள் தொலைக்காட்சியில் "பயனீட்டாளருக்கு நல்ல செய்தி" என்றார்கள்.

விலை எப்படிப் பிரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும். 1983இலிருந்து ஒரு சூத்திரம் உண்டு. சிங்கப்பூர்ச் சந்தை விலை, அதன்மேல் அப்போது நடைமுறைச் செலவு 9.54 காசு, கம்பெனி லாபம் 5 காசு, கடைக்காரர் கமிஷன் 12.19 காசு. இந்தக் கூட்டுத்தொகை அரசு சொன்ன விலையை மிஞ்சினால் மிச்சத்தை அரசு போடும், அது மானியம். குறைந்தால் அப்போது 58.62 காசு வரை அரசு எடுத்துக்கொண்டது. அது விற்பனை வரி. அதாவது உலகில் விலை விழுந்தால் முதலில் அரசின் மானியம் மிச்சமாகும், அடுத்து வரி எட்டிப் பார்க்கும். பந்தியில் கடைசி இலை நம்முடையது.

இந்தச் சூத்திரத்தை அரசு ரசித்துப் பயன்படுத்திய வருடம் 2014. அமெரிக்காக்காரன் பாறையை உடைத்து எண்ணெய் எடுத்துக் குவித்தான். நவம்பர் 27இல் வியன்னாவில் கூடிய ஒபெக் நாடுகள், உற்பத்தியைக் குறைக்க மாட்டோம் என்று எழுந்து போய்விட்டன. ஜூனில் 115 டாலராக இருந்தது அடுத்த ஒன்றரை வருடத்தில் 30க்கும் கீழே போனது. நாம் என்ன செய்தோம்? அக்டோபரில் 20 காசு ஏற்றி 2.30 ஆக்கினோம். டிசம்பர் 1இல் மானியத்தை எடுத்துவிட்டு விலையை மிதக்க விட்டோம். மிதந்தது 2.26இல். நாலு காசு! பிப்ரவரியில் 1.70 வந்தபோது மக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் அரசின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் வருமானம் விழ, ஜனவரியிலேயே அன்றைய பிரதமர் நஜிப் பட்ஜெட்டைத் திருத்தியிருந்தார். வெள்ளியின் மதிப்பும் டாலருக்கு எதிராகச் சரிந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 1 முதல் ஜிஎஸ்டி 6 விழுக்காடு. எண்ணெய் விற்கும் நாட்டில் எண்ணெய் மலிவைக் கொண்டாடுவது, நம்ம கடையிலேயே நாம் கடன் சொல்வது போலத்தான்.

பிறகு வாரா வாரம் விலை மாறும் காலமும் வந்தது. புதன் பின்னேரம் அறிவிப்பு, வியாழன் முதல் அமல். அஞ்சு காசு ஏறும் என்றால் புதன் ராத்திரி வரிசை. குறையும் என்றால் காலி டேங்கோடு வியாழன் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டாவது போவோம், போட மாட்டோம்.

2020 ஏப்ரல் 11. பெட்ரோல் லிட்டர் 1.25 வெள்ளி. நம் தலைமுறை நினைவில் இல்லாத மலிவு. சவூதியும் ரஷ்யாவும் சண்டை போட்டுக் குழாயைத் திறந்துவிட்டிருந்தன, கோவிட் உலகத்தையே வீட்டில் உட்கார வைத்திருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாமே என்றால், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. குடும்பத் தலைவர் மட்டும், பத்து கிலோமீட்டருக்குள். செமினிக்குப் போனால் சிலாங்கூர், மாநிலம் தாண்டக் கூடாது. சிரம்பானுக்கு மலை இறங்கினால் தூரக்கணக்கு இடிக்கும். ஏப்ரல் 20இல் அமெரிக்க எண்ணெய் மைனஸ் 37.63 டாலருக்கே போனது. கொட்டி வைக்க இடமில்லை, எடுத்துக்கொண்டு போகிறவனுக்குக் காசும் தருகிறோம் என்று பொருள். மந்தினில் தண்ணீர் வராத நாட்களில் காலியாகக் கிடக்கும் தொட்டிகள் எத்தனை! அமெரிக்காவுக்கு அது தெரியாமல் போனது.

ஆட்சிக்கு வந்தால் எண்ணெய் விலை இறங்கும் என்று அன்று மேடை மேடையாகச் சொன்ன அன்வார், 2022 நவம்பரில் பிரதமரானார். 2025 செப்டம்பர் 30 முதல் மைகார்ட் அடையாள அட்டையைக் காட்டினால் பெட்ரோல் 1.99 வெள்ளி என்றானது, அதற்கு முன் 2.05. பதினேழு வருடம் காத்திருந்ததற்கு 6 காசு. ஆளுக்கு மாதம் 300 லிட்டர் வரை போடலாம் என்றார்கள். நாலு லிட்டர் டேங்குள்ள கப்சாய்க்காரர் இந்தச் சலுகையை முழுசாக அனுபவிக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு இரண்டரை டேங்கு எரிக்க வேண்டும். இன்று மந்தினிலிருந்து பினாங்கு, நாளை பினாங்கிலிருந்து மந்தின், ஞாயிறு உட்பட.