எந்த ‘டி’?

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று 1931-லேயே விதி வகுத்தார் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலகக் கணினி அதை நிறைவேற்றிவிட்டதாகப் பேச்சு. ஆங்கிலப் புத்தகத்துக்குச் சரி. ரோமன் எழுத்தில் பதிந்த பட்டியலில் புதுமைப்பித்தனைத் தேடுகிறவரோ, ‘து’வுக்கு எந்த ‘டி’, கூடவே ஹெச் உண்டா, ‘பித்த’னில் அது ஒன்றா இரண்டா என்று பரீட்சை எழுத வேண்டும். பதிந்தவர் மனத்தில் இருந்த விடையையே எழுதினால் பாஸ். இல்லையென்றால், அலமாரியில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பவரை ‘இல்லை’ என்று திரை சாதிக்கும். யூனிகோடு வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, பழைய பதிவுகளைத் தமிழில் திரும்பத் தட்டுவது யாராம்? அட்டைப் பட்டியலில் தூசி இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் ‘பு’ இழுப்பறையை இழுத்தால் புதுமைப்பித்தன் வருவார். நாலு விரல் தள்ளி, கேட்காமலே புலமைப்பித்தனும்.