பக்கத்து வீட்டுப் பகை: தோற்றமும் வளர்ச்சியும் பராமரிப்பும்

பக்கத்து வீட்டுப் பகை என்பது ஒரே மதிலின் இரு புறமும் வாழும் இரண்டு குடும்பங்கள் பல ஆண்டுகள் விடாமல் நடத்தும் கூட்டு முயற்சி. மதில் இல்லாத இடத்தில் இது வரப்புத் தகராறு எனப்படும். அது வேளாண்மையின் கிளை என்பதால் இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதே பகை செங்குத்தாக நடைபெறுகிறது. மேல்வீட்டுக் குளியலறைக் கசிவும் நள்ளிரவில் நாற்காலி இழுபடும் ஓசையும் அதன் தனிச் சிறப்புகள். தமிழ்நாட்டு ஊர்களில் தனி மனைகளுக்கிடையே நிலவும் கிடைமட்டப் பகை மட்டுமே இக்கட்டுரையின் பொருள்.

இப்பகையின் தோற்றம் பற்றி இரண்டு கொள்கைகள் உள்ளன: கிழக்கு வீட்டார் கொள்கை, மேற்கு வீட்டார் கொள்கை. முதல் கொள்கையின்படி, குப்பையைக் கூட்டி முதலில் இந்தப் பக்கம் தள்ளியவர்கள் மேற்கு வீட்டார். இரண்டாவதன்படி, அந்தக் குப்பையே கிழக்கு வீட்டு மரத்திலிருந்து விழுந்தது. இரண்டுக்கும் கண்ணால் கண்ட சாட்சிகள் உண்டு. சாட்சிகள் அனைவரும் அந்தந்த வீட்டு உறுப்பினர்கள். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் செய்தி ஒன்றே ஒன்றுதான். முன்பெல்லாம் இரண்டு வீடும் ஒண்ணுமண்ணாக இருந்தன என்பது அது. இந்தச் செய்தி மிக முக்கியமானது. பழக்கமே இல்லாத வீடுகளுக்கிடையே பகை முளைப்பதில்லை. விசேஷத்துக்கு அண்டாவும் தாம்பாளமும் கொடுத்தவர், நடு இரவில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவர், ஊருக்குப் போகையில் சாவியை நம்பி ஒப்படைக்கப்பட்டவர் ஆகியோரே பிற்காலத்தில் முதல் தரமான எதிரிகளாகிறார்கள். எந்த மருமகளுக்கு எந்த மாமியாரோடு பேச்சில்லை, எந்தப் பையன் எத்தனை அரியர் வைத்திருக்கிறான் போன்ற அடிப்படைத் தகவல்கள் நட்புக் காலத்தில்தான் திரட்டப்படுகின்றன.

உடனடிக் காரணங்கள் பல. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், வாசலை அடைத்து நிறுத்திய பைக், விடியுமுன் ஓடும் மிக்ஸி, அடுத்த மனைக்குள் நீட்டிக் கட்டிய சன்ஷேடு என்று அவை நீளும். எனினும் இவற்றுள் எதுவும் முருங்கை மரத்துக்கு நிகராகாது. முருங்கை வேகமாக வளரும், எளிதில் முறியும். வேர் ஒரு மனையிலும் கிளை மறு மனையிலும் இருப்பதை அது இயல்பாகவே விரும்புகிறது. மழைக்காலத்தில் அதன் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக அப்பிக்கொண்டிருக்கும். பட்டா, சிட்டா எதையும் பொருட்படுத்தாமல் அவை மதிலைக் கடந்து, பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியில் ஏறும். காய் இந்தப் பக்கம், அரிப்பு அந்தப் பக்கம். பகையின் பொருளியல் அடிப்படை இவ்வளவுதான்.

அந்தக் கிளையை வெட்டலாமா என்ற வினாவுக்கு இங்கிலாந்து நீதிமன்றங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விடை சொல்லிவிட்டன. தன் எல்லைக்குள் நீளும் கிளையை, தன் மனையில் நின்றபடி, மரத்துக்காரருக்கு முன்கூட்டிச் சொல்லாமலே வெட்டலாம். ஆனால் அதில் உள்ள காய் மரத்துக்காரருக்கே சொந்தம். 1919இல் தீர்ப்பான ஒரு வழக்கில், இப்படி நீண்ட கிளைகளிலிருந்து ஆப்பிள் பறித்து விற்றவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. ஆப்பிளுக்குச் சொன்ன நியாயம் முருங்கைக்காய்க்கும் பொருந்தும் என்று கொள்வதில் பெரிய தடை இல்லை. ஆகவே சட்டத்தை மதிப்பவர் கிளையைக் காயோடு சேர்த்து வெட்டி மதிலுக்கு மேலாகத் திருப்பி வீச வேண்டியிருக்கிறது. வீசப்பட்ட முருங்கைக் கொம்பு ஈர மண்ணில் பதிந்தால் வேர் பிடித்துத் துளிர்க்கும். ஒரு மரத்தோடு தொடங்கும் தகராறு இரண்டு மரங்களோடு தொடர்வது இவ்வாறே.

வளர்ச்சியின் முதற்கட்டத்தைப் பாத்திரங்களில் காணலாம். நல்ல காலத்தில் குழம்பு வந்த கிண்ணம் வெறுமனே திரும்பிப் போகாது. ஒரு பிடி சர்க்கரையாவது இரண்டு வாழைப்பழமாவது அதில் இருக்கும். கிண்ணம் கழுவித் துடைத்து, காலியாகத் திரும்பிய நாளையே பகை பிறந்த நாளாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, பல ஆண்டுகளாக இரண்டு சமையலறைகளிலும் கலந்து கிடந்த, பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்குகளும் டபராக்களும் ஒரே பையில் போட்டு, ஒரு சிறுவன் கையில் கொடுத்தனுப்பப்படும். எண்ணிப் பார்த்தால் ஒரு கரண்டி குறையும். அந்தக் கரண்டி கடைசி வரை கிடைப்பதில்லை. அதன் பிறகு எதைப் பற்றிச் சண்டை வந்தாலும் கரண்டி ஒரு முறை நினைவுகூரப்படும்.

விளிப்பு மாறுவது இதே காலத்தில். ‘அண்ணே’ என்று இருந்தவர் ‘சார்’ ஆவார், பிறகு ‘அவரு’, முடிவில் ‘அந்தாளு’. ‘அக்கா’ வழியில் சறுக்கல் இன்னும் வேகமானது: ‘அந்தம்மா’ என்ற ஒரே படியைத் தொட்டுவிட்டு நேராக அஃறிணைக்குப் போய்விடும். குழந்தைகள் மட்டும் பழைய முறைகளை மறைவில் கடைப்பிடிக்கிறார்கள். கிரிக்கெட் பந்து எப்போதும் எதிரி வீட்டுக்குள்தான் விழும் என்பதால் அவர்களுக்கு வேறு வழியில்லை.

அடுத்தது சாடைப் பேச்சு. தமிழர் இதில் எட்டியுள்ள உயரம் தனி நூலுக்கு உரியது. இதன் இலக்கணம் எளிது. பேசுபவர் எதிராளியைப் பார்க்கக் கூடாது. பெயர் சொல்லக் கூடாது. ஒரு சொல்லும் வீணாகக் கூடாது. கேட்பவராக நாய், காக்கை, கோழி, தண்ணீர் வராத குழாய், எந்தத் தவறும் செய்யாத சொந்தக் குழந்தை ஆகியவற்றுள் ஒன்றை அமர்த்திக்கொள்ளலாம். ‘திங்கறது ஒரு வீட்டுல, குலைக்கறது ஒரு வீட்டுலயா?’ என்று நாயிடம் கேட்ட கேள்விக்கு மதிலுக்கு அப்பாலிருந்து பதில் வரும். அந்தப் பதிலும் நாய்க்குச் சொல்லப்படுவதில்லை, ஒரு துடைப்பத்துக்குச் சொல்லப்படும். யாராவது தட்டிக் கேட்டால், நாயைத்தானே சொன்னேன், உங்களுக்கு ஏன் உறைக்கிறது என்ற கேள்வி ஆயத்தமாக இருக்கும். இதற்கு இன்று வரை யாரும் மறுமொழி கண்டுபிடிக்கவில்லை. துவைகல் இருந்த காலத்தில் இப்பேச்சுக்குத் தாளக்கட்டும் அமைந்திருந்தது. வாஷிங் மெஷின் வந்து அது போயிற்று. பதிலுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வந்திருக்கிறது. ‘சிலர்’ என்று தொடங்கி, பின்னணியில் சூரிய உதயப் படத்துடன் வெளியாகும் இவ்வாசகங்கள் கலைநயத்தில் பழைய முறைக்கு உறை போடக் காணாது. எதிராளி பார்த்துவிட்டாரா என்று உடனே தெரிந்துகொள்ளும் வசதி ஒன்றே அதன் பெருமை.

ஓசை வழியே பதிலடி கொடுப்பது தமிழருக்கு மட்டும் உரியதன்று. லண்டன் பிரிக்ஸ்டனில், இசை கற்பிக்கும் குடும்பம் ஒன்றின் பாட்டையும் பியானோவையும் பொறுக்க முடியாத பக்கத்து வீட்டு மரச்செதுக்கு ஓவியர், நடுச்சுவரை இடித்தும் தட்டுகளைத் தட்டியும் விசிலடித்தும் கூச்சலிட்டும் பதில் கொடுத்தார். 1893இல் தீர்ப்பான ‘கிறிஸ்டி எதிர் டேவி’ வழக்கு இது. இசைக் குடும்பத்தின் ஓசை நியாயமான பயன்பாடு, தட்டுகளின் ஓசை வேண்டுமென்றே தொல்லை தருவதற்காக எழுப்பப்பட்டது என்று கூறி நீதிபதி நார்த் தட்டுகளுக்குத் தடை விதித்தார். இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஐந்தரை மணிக்குத் தேங்காய்ச் சட்னி அரைக்கும் மிக்ஸி எந்தக் கணக்கில் வரும் என்பதை வாசகர் தம் பக்கத்து வீட்டாரை மனத்தில் கொண்டு முடிவு செய்துகொள்ளலாம்.

இதன்பின் பகை கட்டுமானத் துறைக்கு நகர்கிறது. மதில் மேல் உடைந்த பாட்டில் சில்லுகள் பதிக்கப்படும். கண் திருஷ்டி பொம்மை வீதியைப் பார்ப்பதை விட்டுப் பக்கவாட்டில் திரும்பும். திருடனுக்காக வாங்கிய கேமரா எதிரியின் வாசலில் யார் வருகிறார், என்ன வாங்கி வருகிறார் என்று பதிவு செய்யத் தொடங்கும். எதிரியின் சன்னலும் இக்கட்டத்தில்தான் கண்ணில் படுகிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, ஒரு கட்டடம் 20 ஆண்டுகள் தடையின்றியும் அமைதியாகவும் பெற்று வந்த காற்றும் வெளிச்சமும் உரிமையாகிவிடும். ஆவணங்களில் இதற்குக் காற்று வெளிச்ச பாத்தியம் என்று பெயர். இச்சட்டத்தைப் பகைவர்கள் பெரும்பாலும் பத்தொன்பதாம் ஆண்டில்தான் படிக்கிறார்கள் போலும். தகரத் தடுப்புகள் எழுவது அப்போதுதான்.

காவல் நிலையக் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது எல்லா ஊரிலும் ஒன்று போலவே நடக்கிறது. ஒரு புகார், உடனே ஓர் எதிர்ப்புகார், இரண்டுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது. ஆபாசமாகத் திட்டியதற்கான பிரிவு பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294(பி). 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 296 ஆகிவிட்டது; திட்டும் சொற்கள் பழையவையே. அப்பிரிவு பொருந்தப் பொது இடத்திலோ அதன் அருகிலோ திட்டியிருக்க வேண்டும். சண்டைக்காரர்கள் வீட்டுக்குள்ளிருந்து பேசியது போதாமல் தெருவுக்கு இறங்கி வந்து அந்த நிபந்தனையைத் தாமே நிறைவேற்றிக் கொடுக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் இரு தரப்பையும் படித்தவர்களாக நடந்துகொள்ளச் சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவார். விவகாரம் முற்றினால், அமைதி காப்பதாக ஓராண்டு வரைக்கும் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி நிர்வாகத்துறை நடுவர் உத்தரவிட முடியும்.

உச்சக்கட்டம் அளவை. 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டத்தின் வழியே சர்வேயர் வருகிறார். வந்து புல வரைபடத்தை விரிக்கிறார். வழக்கமாகத் தகராறில் இருப்பது மூன்று அங்குலம். 40 அடிக்கு 60 அடி என்ற ஒரு கிரவுண்டு மனையில், 60 அடி நீளத்துக்கு மூன்று அங்குலம் என்றால் 15 சதுர அடி. ஆறடிக்கு மூன்றடிக் கட்டில் ஒன்று போட இன்னும் மூன்று சதுர அடி வேண்டும். 1:1000 அளவில் வரைந்த ஒரு படத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு, தரையில் 50 சென்டிமீட்டர் அகலம் கொண்டது, அதாவது ஏறத்தாழ இருபது அங்குலம். சர்ச்சைக்குரிய நிலம் முழுவதும், மதிலும் சேர்த்து, அந்தக் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இவ்விளக்கத்தைக் கேட்டு மனம் மாறியவர்கள் யாரும் இல்லை. அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். உறுத்துக்கட்டளை கேட்கிறார்கள். வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் நேரில் வந்து, அதே சர்வேயருடன், அதே மதிலை மறுபடி அளக்கிறார். இதற்குள் ஆன செலவுக்கு அந்தத் தெருவிலேயே 15 சதுர அடிக்கு மேல் வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்பவர் இரு வீட்டுக்கும் பொது எதிரியாகிவிடுவார்.

சமாளிக்கும் முறைகளில் பேசாதிருத்தல் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அது திமிர் என்று பொருள்கொள்ளப்படும் என்பதால் பயன் குறைவு. இரு வீட்டுக்கும் துணி தேய்க்கும் இஸ்திரிக்காரர் வழியாகத் தூது அனுப்புவது அதைவிட மேல். அவர் கேட்டதில் பாதியைத்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பார், அந்தப் பாதி பெரும்பாலும் கேட்கத் தக்க பாதியாக இருக்கும். லோக் அதாலத்தில் இரு தரப்பும் இசைந்து ஏற்ற முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் குடியிருப்புவாசிகளின் தகராறுகளுக்கென்றே சமூகச் சமரசம் என்ற ஏற்பாட்டை வகுத்திருக்கிறது. அதற்கு இரு தரப்பும் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு விஷயத்திலாவது ஒத்துக்கொள்ள முடிந்திருந்தால் அவர்கள் அங்கே வந்திருக்கவே மாட்டார்கள் என்பது இந்த ஏற்பாட்டின் ஒரே குறை. பாதாளச் சாக்கடை பொங்கித் தெருவில் ஓடும் நாட்களில் இரு வீட்டாரும் மாநகராட்சிக்கு எழுதும் ஒரே மனுவில் கையெழுத்திடுவதுண்டு. சாக்கடை வடிந்ததும் அதுவும் வடியும். வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால், மனை கைமாறும்போது வசதியுரிமையும் சேர்ந்தே கைமாறும் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. பகையைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வாங்க வந்தவருக்கு எதிர்ச் சுவர்க்காரரே முதல் நாள் காபி கொடுத்து வரலாறு முழுவதையும் சொல்லிவிடுவதால் அதுவும் கைமாறுகிறது.

உண்மையில் பலன் தரும் முறை ஒன்றே உள்ளது. பக்கத்து வீட்டார் கேட்குமுன் கிளையைத் தானே கழித்து, காயில் பாதியை அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். கிண்ணம் காலியாகத் திரும்புவதற்கு முன் இதைச் செய்தால்தான் பலிக்கும். அதன்பின் அனுப்பிய முருங்கைக்காய் சமைக்கப்படாது. மந்திரித்து அனுப்பியதாகக் கருதப்பட்டுக் குப்பைக்குப் போகும்.

முருங்கை காற்றுக்கு நிற்காத மரம். உரிமையியல் வழக்குகள் நடக்கும் வேகத்தில், சாட்சி விசாரணைக்கு முன்பே ஏதாவது ஒரு ஐப்பசிக் காற்றில் அது வேரோடு சாய்ந்துவிடக் கூடும். அதனால் வழக்குக்கு ஒன்றும் ஆகிவிடாது. மரத்தைப் பற்றிய பத்தியை மட்டும் திருத்திக்கொள்ள நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 6ஆம் கட்டளை 17ஆம் விதி அதற்கு இடம் தருகிறது.